யானையை அங்கும் இங்கும் நகர்த்தியே ஜெயிக்க முடியுமா? 136 நகர்த்தல் ஆட்டத்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி: ஆன்லைன் செஸ்ஸில் 1400 ரேட்டிங் வரை வந்துவிட்டேன். ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), ‘பின்’ (பின்னால் இருக்கும் காய்க்காக ஒரு காய் நகர முடியாமல் மாட்டுவது) எல்லாம் ஓரளவு கண்ணில் படுகிறது. ஆனால் ஓப்பனிங் முடிந்து, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாத நிலை வந்தால் கை நின்றுவிடுகிறது. 2021 உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சன் 136 நகர்த்தல் ஆடி ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தேன். பாதி நேரம் யானையை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். அதில் திட்டம் என்ன? பொசிஷனல் ஆட்டம் (உடனே வெட்டாமல் நிலையை மெல்ல மெல்ல மேம்படுத்துவது) என்பது இதுதானா?

பதில்:

நல்ல ஆட்டத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் யானையையே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த குழப்பம் இது. சிப்பாய்களைப் பாருங்கள். யானை எங்கே போனது என்பதை விட, அது குறிவைத்த சிப்பாய் எப்போது அந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று தேடினால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 3, துபாய், ஆறாவது ஆட்டம். மேக்னஸ் கார்ல்சன் வெள்ளை, இயன் நெபோம்னியாச்சி (சுருக்கமாக நெபோ) கறுப்பு. முந்தைய ஐந்து ஆட்டமும் டிரா. அதற்கும் முன்னால் 2018இல் கருவானாவோடு ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டமும் டிரா, 2016இல் கர்யாக்கினோடு ஆடிய கடைசி இரண்டும் டிரா. ஆக மொத்தம் 19. உலக சாம்பியன்ஷிப் கிளாசிக்கல் ஆட்டத்தில் ஐந்து வருடமாக யாருமே ஜெயிக்கவில்லை. அந்த நிலையில் இந்த ஆட்டம் ஏழே முக்கால் மணி நேரம் நடந்தது. நம் நேரப்படி மாலை 6 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு ஒன்றே முக்கால் வாக்கில் முடிந்தது. அதிகாரபூர்வ வர்ணனையாளர்களில் நம் ஆனந்தும் ஒருவர். அதற்கு முன் சாம்பியன்ஷிப்பின் மிக நீண்ட ஆட்டம் 1978இல் பாகியோவில் கார்ப்போவும் கோர்ச்னாயும் ஆடிய 124 நகர்த்தல். அது ஸ்டேல்மேட் ஆகி, அதாவது செக் இல்லாமலே நகர்த்த வழியில்லாத நிலை வந்து, டிராவில் முடிந்தது.

இப்போது 17ஆவது நகர்த்தலுக்கு வாருங்கள். என் பார்வையில் ஆட்டத்தின் விதை அங்கேதான் இருக்கிறது.

கறுப்புக் குதிரை எஃப்6இல் நிற்கிறது (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை வரிசைகள், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை கட்டங்கள்). கார்ல்சன் முந்தைய நகர்த்தலில் பிஷப்பை ஜி5க்குக் கொண்டுவந்திருந்தார். இப்போது அந்தக் குதிரையை வெட்டுகிறார். கறுப்பு ஈ7இல் நிற்கும் ராணியால் திருப்பி வெட்டலாமே என்று தோன்றும். ஆனால் வெள்ளை ராணி பி2இல் இருக்கிறது. அங்கிருந்து எஃப்6 வரைக்கும் சாய்கோடு காலி. ராணியால் வெட்டினால் ராணியும் ராணியும் மாறிவிட்டு, கடைசியில் ஜி சிப்பாய்தான் எஃப்6க்கு வந்து வெட்ட வேண்டும். எப்படிப் போனாலும் ஜி சிப்பாய் தன் வரிசையை விட்டு எஃப் வரிசைக்கு வந்தே தீரும். நெபோ நேரடியாகவே ஜி சிப்பாயால் வெட்டினார்.

பலன்: எஃப்6, எஃப்7 என்று ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். ராஜாவுக்கு முன்னால் ஜி வரிசை திறந்த வாசல். இதற்கு வெள்ளை கொடுத்த விலை, ஒரு பிஷப். இப்போது கறுப்பிடம் இரண்டு பிஷப்பும் இருக்கின்றன, வெள்ளையிடம் ஒன்றுதான். திறந்த பலகையில் இரண்டு பிஷப் பலம் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். அப்படியானால் லாபம் யாருக்கு?

இந்த இடத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான்: யாருடைய லாபம் நாளைக்கும் இருக்கும்? பிஷப் ஜோடி நாளைக்கே கலைந்துவிடலாம். கலைந்தும் விட்டது. மூன்றே நகர்த்தல் கழித்து, 20ஆவதில், கறுப்பு ஒரு பிஷப்பை மாற்றிக்கொண்டார். ஆனால் சிப்பாய் பின்னால் வராது. எஃப்6க்கு வந்தது வந்ததுதான், அதைத் திரும்ப ஜி7இல் கொண்டுபோய் வைக்க முடியாது. காய்களால் கிடைக்கும் நன்மை வாடகை வீடு மாதிரி, சிப்பாயில் விழுந்த விரிசல் சொந்த வீட்டுச் சுவரில் விழுந்த மாதிரி. இந்த இரண்டு எஃப் சிப்பாய்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

அடுத்தது 26. கறுப்பு யானை சி8க்கு வந்து வெள்ளை ராணியைத் தாக்குகிறது. ராணியை நகர்த்திவிட்டுப் போயிருக்கலாம். கார்ல்சன் ராணியாலேயே அந்த யானையை வெட்டினார். ராணி போனது, பதிலுக்கு இரண்டு யானைகள் வந்தன. மிச்சம்: வெள்ளைக்கு இரண்டு யானை, ஒரு குதிரை. கறுப்புக்கு ராணியும் பிஷப்பும். இரண்டு பக்கமும் ஆறு ஆறு சிப்பாய்.

மதிப்புக் கணக்கில் இரண்டு யானை பத்து, ராணி ஒன்பது. அந்தக் கணக்கை நம்பி நான் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளூர் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்றில் ராணியைக் கொடுத்து இரண்டு யானை வாங்கினேன், பத்துக்கு ஒன்பது என்று சந்தோஷமாக. என் ராஜா நடுவில் திறந்து கிடந்ததை யோசிக்கவே இல்லை. எதிரே இருந்த பள்ளிக்கூடப் பையன் வரிசையாக ஏழு செக் கொடுத்தான், எட்டாவதில் ராஜாவையும் ஓரத்தில் அநாதையாக நின்ற யானையையும் சேர்த்துப் பிடித்தான். கைகொடுக்கும்போது சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ராணிக்கு வேண்டியது இரண்டு: பாதுகாப்பில்லாத காய், திறந்த ராஜா. யானை ஜோடிக்கு வேண்டியது, இரண்டும் சேர்ந்து அடிக்க ஒரு குறி. ஒரு சிப்பாயை இரண்டு யானை தாக்கினால் ராணி ஒரு முறைதான் காக்க முடியும். இப்போது துபாய் பலகையைப் பாருங்கள். வெள்ளை ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. கறுப்பு ராஜாவுக்கு முன்னால்தான் 17இல் விழுந்த ஓட்டை. எனவே அந்த மாற்றத்தை இந்தப் பலகையில் கார்ல்சன் துணிந்து செய்யலாம். என் பலகையில் நான் செய்திருக்கக் கூடாது.

30 முதல் 40 வரை நடந்ததை நீங்கள் பெரிதாக ஆராய வேண்டாம். முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், அதுவரை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் விநாடி கிடையாது. இரண்டு பேருமே நேர நெருக்கடியில் சிக்கிக் கிடைத்த வாய்ப்புகளைத் தவறவிட்டார்கள். உலக சாம்பியனும் நம்மைப் போல்தான் என்று ஆறுதல்பட மட்டும் அந்தப் பத்து நகர்த்தல் உதவும். புழுதி அடங்கியபோது வெள்ளைக்கு நான்கு சிப்பாய், நான்குமே ராஜா பக்கம். கறுப்புக்கும் நான்கு, அதில் ஒன்று மட்டும் ஏ வரிசையில் தனியாக ஓடுகிறது.

அந்த ஏ சிப்பாய்தான் கறுப்பின் சொத்து. 43இல் ஏ3 வரை வந்துவிட்டது. இன்னும் இரண்டு கட்டம் போனால் ராணி. அதைத் தடுக்க வெள்ளை தன் இரண்டு யானைகளையும் ஏ2, ஏ1 என்று ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்த வேண்டி வந்தது. பத்து மதிப்புள்ள படை ஒரே ஒரு சிப்பாய்க்குக் காவல். இந்தக் கட்டத்தில் பொசிஷன்படி சௌகரியம் கறுப்புக்குத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

52இல் நெபோ ராணியை ஈ4க்குக் கொண்டுவந்தார். ஹெச்4 சிப்பாய் மீது கண். கார்ல்சன் 53இல் யானையால் ஏ3 சிப்பாயை எடுத்தார். ராணி ஹெச்4ஐச் செக்கோடு எடுத்தது. வெள்ளை ராஜா ஹெச்2இல், கறுப்பு பிஷப் டி6இல் இருப்பதால் ஜி3 சிப்பாய் ‘பின்’ ஆகியிருக்கிறது, திருப்பி வெட்ட முடியாது. ஆக, ஒரு சிப்பாய் கொடுத்து ஒரு சிப்பாய் வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். காவலுக்கு நின்ற இரண்டு யானையும் ஒரே நகர்த்தலில் விடுதலை. கறுப்பிடம் ஓடுவதற்கு இனி ஆபத்தான சிப்பாய் கிடையாது. எல்லாச் சிப்பாயும் பலகையின் ஒரே பக்கம், அதில் கறுப்பிடம் மிஞ்சியவை எஃப்6, எஃப்7, ஹெச்5. அந்தப் பழைய இரட்டைச் சிப்பாய் மறுபடி நடுமேடைக்கு வந்துவிட்டது. அதுவரை இரண்டு பேருமே ஜெயிக்கலாம் என்றிருந்த ஆட்டத்தில், இந்த நகர்த்தலுக்குப் பிறகு ஜெயிக்க முயல வெள்ளையால் மட்டும்தான் முடியும். கறுப்பு செய்யக்கூடியது காத்திருப்பது. ‘வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத நிலை’ என்று எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரி நிலையில் பெரிய ஆட்டக்காரர்கள் தேடுவது இதைத்தான்: எந்தப் பரிமாற்றம் செய்தால் முயற்சி செய்யும் உரிமை எனக்கும், காத்திருக்கும் வேலை எதிராளிக்கும் வரும்? சிப்பாய்க் கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

அப்புறம் வருவதுதான் நீங்கள் பார்த்த ‘அங்கும் இங்கும்’. யானைகள் ஈ8, ஏ8, சி8, சி1, பி1, பி7, பி5, ஏ5 என்று சுற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் ராணிக்கோ பிஷப்புக்கோ ஒரு சின்னக் கேள்வி. இந்தச் சிப்பாயை யார் காப்பது? இந்த பிஷப் எங்கே நிற்கும்? நெபோ ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். 64இல் எஃப்6 சிப்பாய் எஃப்5க்கு நகர்ந்தது. 79இல் யானை அந்த எஃப்5 சிப்பாயை எடுத்தது. 80இல் அதே யானை எஃப்7 சிப்பாயையும் செக்கோடு எடுத்தது. 17இல் உருவான இரட்டைச் சிப்பாய், 63 நகர்த்தல் கழித்து அடுத்தடுத்து இரண்டும் போயின.

80இல் ராஜா யானையை வெட்டத்தான் செய்தது. ஆனால் உடனே இன்னொரு யானை பி7இல் செக். அதே கிடைவரிசையில் ஏ7இல் கறுப்பு பிஷப். ராஜா நகர, பிஷப் போயிற்று. இப்போது பலகையில் வெள்ளைக்கு யானை, குதிரை, மூன்று சிப்பாய். கறுப்புக்கு ராணி, ஒரு சிப்பாய். சரியாக ஆடினால் இதுவும் டிராதான். ஆனால் மேலே சொன்ன அதே நிலைமை, இன்னும் அழுத்தமாக: தனி ராணியால் டிரா வாங்கலாம், ஜெயிக்க வழியில்லை.

இனி ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வெள்ளைக் குதிரை 82இல் ஈ2இல் நிற்கிறது. 85இல் டி4 போகிறது. 88இல் எஃப்3. 94இல் மறுபடி டி4. 97இல் மறுபடி எஃப்3. ஜி5, ஈ6 என்று இரண்டு செக் கொடுத்துவிட்டு 100இல் திரும்பவும் டி4. 102இல் எஃப்3, 105இல் ஜி1. 109இல் எங்கே? ஈ2. இருபத்துநான்கு நகர்த்தல் ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. நீங்கள் கேட்ட கேள்வியின் உச்சம் இதுதான். இதில் என்ன திட்டம்?

109இல் பலகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ராஜா எஃப்2. குதிரை ஈ2. யானை டி4. முன்பு ஏ7இல், தன் கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்ற யானை இப்போது நடுவில். ராஜா குதிரையைக் காக்கிறது. குதிரை யானையைக் காக்கிறது. அதே குதிரை எஃப்4, ஜி3 சிப்பாய்களையும் பார்த்துக்கொள்கிறது. யானை, ஈ4 கட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது. காவல் இல்லாமல் தனியாக ஒரு காய்கூட இல்லை. ராணிக்குப் பிடிப்பதற்கு எதுவுமே கிடையாது. இந்த ஏற்பாடு முடிந்த அடுத்த நகர்த்தலில், 110இல், ஈ சிப்பாய் ஈ4க்குப் போயிற்று. வெள்ளை இதற்கு முன் கடைசியாகச் சிப்பாயை நகர்த்தியது 60இல். நடுவில் 49 நகர்த்தல், ஒரு சிப்பாயைக்கூடத் தொடவில்லை.

ஏன் இவ்வளவு தயக்கம்? மறுபடியும் அதே காரணம்தான், சிப்பாய் பின்னால் வராது. யானையைத் தப்பாக வைத்தால் அடுத்த நகர்த்தலில் திரும்பி வரலாம். ஈ சிப்பாயைத் தப்பான நேரத்தில் தள்ளினால், பின்னால் விட்டுப்போன கட்டங்கள் வழியாக ராணி உள்ளே நுழைந்து செக் மேல் செக் கொடுக்கும், டிரா. அதனால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய நகர்த்தல்கள் எல்லாவற்றையும் முதலில் செய்து பார்த்துவிட்டு, திரும்ப எடுக்க முடியாததைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். நடுவே வந்த அந்தச் சுற்றல்களில் சில வெறும் சோதனைதான் என்றே நான் நினைக்கிறேன். எதிராளி எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறார் என்று தட்டிப் பார்ப்பது. 136 நகர்த்தலுக்கு முன்கூட்டியே திட்டம் போட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசிப் பகுதி சீக்கிரம். 113இல் நெபோ தன் கடைசிச் சிப்பாயையும் கொடுத்தார், பதிலுக்கு வெள்ளையின் ஹெச் வரிசைச் சிப்பாயை ராணியால் எடுத்தார். 115க்குப் பிறகு பலகையில் மொத்தம் ஏழு காய்கள். ஏழு காய் நிலைகளுக்குக் கம்ப்யூட்டரில் முழுத் தீர்வு இருக்கிறது, டேபிள்பேஸ் என்பார்கள். அதன்படி அது டிரா. டிராவாகவே 130 வரை போயிற்று. 130இல் கறுப்பு ராணி ஈ6க்கு வந்தது. அந்த ஒரு நகர்த்தலில் தோற்ற நிலை. ஏழு மணி நேரத்துக்கும் மேலாக, கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடியை நம்பிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார். 136இல் கைகொடுத்தார். அதற்குப் பின் அந்தத் தொடரில் இன்னும் மூன்று ஆட்டம் தோற்று, 7.5–3.5 என்று 11ஆவது ஆட்டத்திலேயே தொடர் முடிந்துபோனது.

இதே கதையை நாம் 2024 டிசம்பரில் சிங்கப்பூரிலும் பார்த்தோம். குகேஷ், டிங் லிரென், 14ஆவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், யானையும் பிஷப்பும் இருவரிடமும். டிரா என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நிலை. ஆனால் தோற்கும் அபாயம் டிங்குக்கு மட்டும். 55இல் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுபோய் நிறுத்தினார். யானைகள் மாறின, ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்பால் பிஷப் பரிமாற்றத்தையும் தவிர்க்க முடியவில்லை. 58இல் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அதை ‘டிங் செய்த தவறு’ என்று மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதி பேர் டிராவுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய நிலையில் குகேஷ் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால்தான் அந்தத் தவறு வந்தது.

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். 1400இல் 49 நகர்த்தல் பொறுமை யாருக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. கை நின்றுபோகும் இடத்தில் முதலில் எதிராளியின் சிப்பாய்களைப் பாருங்கள். பக்கத்துச் சிப்பாயால் காக்கவே முடியாத சிப்பாய் எது? அதுதான் உங்கள் குறி. அப்புறம் உங்கள் காய்களில் வேலையில்லாமல் நிற்பது எது, அந்தக் குறியை நோக்கி அதைக் கொண்டுபோக வழி உண்டா என்று பாருங்கள். இது இரண்டுமே தெரியவில்லை என்றால் சிப்பாயை மட்டும் தள்ளாதீர்கள். ‘சும்மா ஒரு நகர்த்தல்’ என்று ஹெச்3, ஏ3 தள்ளுவது 1400இல் எல்லோருக்கும் இருக்கும் வியாதி. சும்மா நகர்த்த வேண்டுமென்றால் யானையை நகர்த்துங்கள், திரும்பி வரலாம். அதோடு, காய் மாற்றும் ஒவ்வொரு முறையும் மதிப்பைக் கூட்டிப் பார்த்த பிறகு ஒரு நொடி நின்று கேளுங்கள்: இது முடிந்ததும் முயற்சி செய்யப்போவது யார், காத்திருக்கப்போவது யார்?

ஒரு பயிற்சியும் சொல்கிறேன். 82ஆவது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையைப் பலகையில் வையுங்கள். வெள்ளை: ராஜா எஃப்2, யானை ஏ7, குதிரை ஈ2, சிப்பாய்கள் ஈ3, எஃப்4, ஜி3. கறுப்பு: ராஜா ஜி6, ராணி டி3, சிப்பாய் ஹெச்5. கறுப்பின் முறை. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ஆளுக்குப் பத்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி வைத்து ஆடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், அதற்குக் களைப்பு கிடையாது. முதலில் நீங்கள் கறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ராணி கையில் இருக்கிறது என்ற தைரியம் எத்தனையாவது நகர்த்தலில் போகிறது என்று ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டு, அப்புறம் பக்கம் மாறி ஆடுங்கள்.